மழையா, திரையா, கல்லா? அடித்து ஆடும் போக்கிமான் டீமுக்கு எது தாங்கும்

எங்கள் கொழிஞ்சாம்பாறை வட்டாரத்தில் போக்கிமான் ஷோடவுன் (போக்கிமான்களை மோதவிடும் ஆன்லைன் ஆட்டம்) ஆடும் பையன்களில் பெரும்பாலோர் அடித்து ஆடுகிறவர்கள்தான். தாங்கியே இழுக்கும் ஸ்டால் டீம் எடுத்தால் ஆட்டம் நூறு டர்னை (சுற்றை) தாண்டும். பொள்ளாச்சி பஸ்ஸில் உட்கார்ந்து ஆடுகிறவனுக்கு அதற்குள் கோபாலபுரம் செக்போஸ்ட் வந்துவிடும். எல்லை தாண்டும்போது சிக்னல் போனால் டைமர் ஓடித் தீர்ந்து ஆட்டம் கைவிட்டுப் போகும். அதனால் ஹைப்பர் அஃபென்ஸ், அதாவது முழுக்க அடித்தே ஆடுவது. இருபது, இருபத்தைந்து டர்னில் வெற்றியோ தோல்வியோ தெரிந்துவிட வேண்டும்.

அதிலும் மூன்று வழி இருக்கிறது. பெலிப்பர் என்ற போக்கிமானை வைத்து மழை வரவழைப்பது ஒன்று. கிரிம்ஸ்னார்லை வைத்து ரிஃப்ளெக்ட், லைட் ஸ்கிரீன் என்று அடியைக் குறைக்கும் இரண்டு திரை போட்டு, அதன் பின்னால் ஸ்வீப்பரை (வரிசையாக அடித்து வீழ்த்தும் ஆளை) இறக்குவது இன்னொன்று. உள்ளே வருகிறவற்றைக் குத்தும் ஸ்டெல்த் ராக் (கல்), ஸ்பைக்ஸ் (முள்) இரண்டையும் எதிராளி பக்கம் கொட்டிவிட்டு, அவற்றைத் துடைக்க விடாமல் கோல்டெங்கோவைக் காவல் வைப்பது மூன்றாவது. ஸ்டிக்கி வெப் (உள்ளே வருகிறவற்றின் வேகத்தைக் குறைக்கும் வலை) என்று நாலாவதும் உண்டு. பறக்கும் வகைக்கும் லெவிடேட் என்ற மிதக்கும் எபிலிட்டி (பிறவித் திறன்) உள்ளவற்றுக்கும் அது ஒட்டவே ஒட்டாது என்பதால் இங்கே விட்டுவிடுகிறேன். மூன்றையும் ஆடிப் பார்த்த பிறகு நான் மூன்றாவதான கல் டீமில் நிலைத்துவிட்டேன். ஏன் என்பதைத்தான் எழுதுகிறேன். பேச்செல்லாம் ஆறுக்கு ஆறு சிங்கிள்ஸ் (ஒரு நேரத்தில் ஒன்றுக்கு ஒன்று மோதுவது) பற்றியது.

எல்லோருக்கும் தெரிந்ததை ஒரே மூச்சில் முடிக்கிறேன். மூன்று டீமிலும் ஸ்வீப்பருக்கு ஈவி (பலத்தைப் பிரித்துக் கொடுக்கும் புள்ளி) 252 வேகத்துக்கும் 252 தாக்குதலுக்கும் போகும். மீதி நாலை எங்கே போட்டாலும் ஆட்டம் மாறாது. டெரா (போக்கிமானின் வகையை மாற்றுவது) ஒரு ஆட்டத்துக்கு ஒருமுறைதான், அதை ஸ்வீப்பருக்கே வைத்துக்கொள்ளுங்கள். அடிக்கிற பலத்தில் மூன்றும் ஏறக்குறைய சமம்.

வித்தியாசம் வருவது வேறொரு இடத்தில். எதிராளி அடி வாங்காமல் ஸ்விட்ச் செய்து (போக்கிமானை மாற்றி) ஓடுகிறான் என்று வையுங்கள். அந்த டர்னில் நட்டம் யாருக்கு? டீம் எடுக்கும்போது நான் இப்போது முதலில் பார்ப்பது இதைத்தான்.

மழையில் ஆரம்பிக்கிறேன். நீர்த் தாக்குதல் ஒன்றரை மடங்காகும். ஸ்விஃப்ட் ஸ்விம் உள்ள பாராஸ்கியூடாவின் வேகம் இரட்டிக்கும். எழுபது சதவீதம்தான் படும் தண்டரும் ஹரிக்கேனும் மழையில் தப்பவே தப்பாது. எல்லாம் உண்மை, கண்ணுக்கும் அழகு. ஆனால் பெலிப்பரின் டிரிஸில் எபிலிட்டி கொண்டுவரும் மழை 5 டர்ன்தான், டாம்ப் ராக் என்ற ஐட்டம் பிடித்திருந்தால் 8. 2013-ல் எக்ஸ், ஒய் கேம்கள் வருவதற்கு முன்பு இந்த மழை நிற்காமல் பெய்தது. பழைய ஆட்டக்காரர்கள் இன்றைக்கும் மழையைத் தூக்கிப் பேசுவது அந்தக் காலத்தை வைத்துத்தான். இப்போதைய மழை, நம் பக்கத்து வயல்களுக்கு ஆழியாற்றிலிருந்து வரும் முறைத் தண்ணீர் மாதிரி. முறை இருக்கும்போதே பாய்ச்சிக்கொள்ள வேண்டும்.

கணக்குப் போடுவோம். பெலிப்பர் டாம்ப் ராக்கோடு லீடாக (முதல் ஆளாக) வருகிறது. முதல் டர்னில் யூ-டர்ன் (அடித்துவிட்டு வெளியேறும் மூவ்) போட்டு பாராஸ்கியூடாவை இறக்குகிறீர்கள். கையில் மிச்சம் 7 டர்ன். எதிராளி ஒரு டர்ன் ப்ரொடெக்ட் போட்டு அடியைத் தடுக்கிறான். அடுத்த டர்னில் நீரைக் குடிக்கும் வாட்டர் அப்சார்ப் கிளாட்சையர் உள்ளே வருகிறது. நீங்களும் மாற்ற வேண்டியதாகிறது. அவன் இப்படி ஓடுகிற ஒவ்வொரு டர்னும் உங்கள் மழையிலிருந்து கழிகிறது, அவனுக்குச் செலவே இல்லை. மழை தீர்ந்தால் பெலிப்பர் மறுபடி வரவேண்டும். அது நீர்-பறக்கும் வகை, ஸ்டெல்த் ராக் அதற்கு இரண்டு மடங்கு. நுழையும்போதே கால்வாசி ஹெச்பி (உயிர்) போகும். அதைத் தடுக்க ஹெவி-டியூட்டி பூட்ஸ் கொடுத்தால் டாம்ப் ராக்குக்கு இடமில்லை, மழை 5 டர்னுக்குச் சுருங்கும். ஐட்டம் ஒன்றுதானே பிடிக்க முடியும்! இந்த முடிச்சை அவிழ்க்க எனக்கு வழி கிடைக்கவில்லை.

என் சித்தி மகன் வேலந்தாவளத்தில் இருக்கிறான், மழை டீம்தான் ஆடுவான். "ஏண்ணா, ரூஸ்ட் போட்டு ஏத்திக்கிட்டாத் தீந்துச்சு" என்பான். ரூஸ்ட் பாதி ஹெச்பியை மீட்டுத் தரும் என்பது சரிதான். அந்த ரூஸ்டுக்கும் ஒரு டர்ன் போகிறதே தம்பி, அந்த நேரத்தில் எதிராளி செட்டப் செய்துகொள்வானே என்றால், அதற்கு அவனிடம் பதில் வராது.

திரை டீம் இதைவிடக் கெட்டி. கிரிம்ஸ்னார்லின் ப்ராங்ஸ்டர் எபிலிட்டியால் ஸ்டேட்டஸ் மூவ் (திரை மாதிரி, நேராக அடிக்காத மூவ்) முந்திக்கொண்டு போகும். அதைவிட வேகமான ஒன்று, அந்த மூவ்களைத் தடுக்கும் டாண்ட் போட்டு வாயை அடைத்துவிடுமோ என்ற பயம் பெரிதாக இல்லை. லைட் க்ளே ஐட்டம் பிடித்தால் திரை 8 டர்ன் நிற்கும், சிங்கிள்ஸில் அடி பாதியாகும். முதல் டர்ன் ரிஃப்ளெக்ட், இரண்டாவது லைட் ஸ்கிரீன், மூன்றாவதில் கிரிம்ஸ்னார்ல் விழுந்துவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். நாலாவது டர்னில் ஸ்வீப்பர் டிராகன் டான்ஸோ ஸ்வோர்ட்ஸ் டான்ஸோ போட்டுப் பலம் ஏற்றிக்கொள்ளும். அடிக்க மிஞ்சுவது ஐந்திலிருந்து எட்டு வரை. அந்த நாலு டர்ன் மிகப் பலமானது. அந்த நேரத்தில் திரை டீமை எதிர்த்து ஆடுவது உண்மையிலேயே நடுக்கம் தரும்.

ஆனால் இங்கேயும் கடிகாரம் நம்முடையது. அவன் ஓடினால் நம் டர்ன் கழிகிறது. அதோடு டீஃபாக் என்ற துடைக்கும் மூவ் ஒன்று போதும், இரண்டு திரையும் போய்விடும். ப்ரிக் பிரேக்கும் சைக்கிக் ஃபேங்ஸும் கிழித்துக்கொண்டு அடிக்கும். இன்ஃபில்ட்ரேட்டர் எபிலிட்டி உள்ள டிராகாபல்ட்டுக்குத் திரை இருப்பதே தெரியாது. கிரிட்டிகல் ஹிட்டுக்கும் அப்படியே. சிண்டரேஸ் கோர்ட் சேஞ்ச் போட்டால் நாம் போட்ட திரை அவன் பக்கம் போய்ச் சேரும்.

இனி கல். ஸ்டெல்த் ராக்குக்கு டர்ன் கணக்கே கிடையாது. ஒருமுறை போட்டால் யாராவது துடைக்கும் வரை கிடக்கும். உள்ளே வருகிற ஒவ்வொன்றும் பொதுவாக எட்டில் ஒரு பங்கு ஹெச்பியை இழக்கும். பாறைக்கு இரட்டைப் பலவீனம் உள்ளதற்குக் கால்வாசி, சாரிசார்டு மாதிரி நாலு மடங்கு உள்ளதற்குப் பாதி. மேலே ஸ்பைக்ஸ் ஒரு அடுக்கு விழுந்தால் தரையில் நிற்கிறவற்றுக்கு இன்னொரு எட்டில் ஒன்று, மூன்று அடுக்கு என்றால் கால்வாசி. இப்போது எதிராளி ஓடட்டும். ஓடுகிற ஒவ்வொரு முறையும் பணம் கட்டுகிறவன் அவன். மழையும் திரையும் அவன் ஓட்டத்துக்குப் பயப்படும். கல் டீமோ அவன் ஓட வேண்டும் என்றே காத்திருக்கும்.

எட்டில் ஒன்று சின்னத் தொகையாகத் தோன்றும். ஆனால் ஸ்வீப்பர் அடித்துப் பத்து சதவீதம் மிச்சம் வைக்கிற இடங்களை நினைத்துப் பாருங்கள். அந்தப் பத்தைக் கல் முன்னாலேயே வாங்கி வைத்திருக்கும். ஒரே அடியில் விழாமல் காக்கும் ஃபோகஸ் சாஷ் முழு ஹெச்பியில்தான் வேலை செய்யும், டிராகனைட்டின் அடியைக் குறைக்கும் மல்டிஸ்கேலும் அப்படித்தான். கல் கிடந்தால் இரண்டும் உள்ளே நுழையும்போதே செத்துவிடும்.

என் டீமில் லீட், ஹிசுயி சாமுராட். சீஸ்லெஸ் எட்ஜ் அடிக்கிற அடியோடு ஸ்பைக்ஸும் விழுவதால் தனியாக ஒரு டர்ன் செலவழிக்க வேண்டியதில்லை. ஃபோகஸ் சாஷ் பிடித்திருந்தால் பெரும்பாலும் இரண்டு அடுக்கு போட்டுவிடும். ஸ்டெல்த் ராக்குக்கு கிளிமோரா. அதை நேரடியாகத் தொட்டு அடித்தாலும் தொடாமல் அடித்தாலும், ஃபிசிக்கல் அடி பட்டால் டாக்ஸிக் டெப்ரி எபிலிட்டி தானாகவே டாக்ஸிக் ஸ்பைக்ஸ் (விஷ முள்) தூவிவிடும். பிறகு கோல்டெங்கோ. இதை வைத்துத்தான் முழு டீமும் நிற்கிறது. பேய் வகை என்பதால் ராபிட் ஸ்பின் படாது. எஃகு வகை என்பதால் மார்ட்டல் ஸ்பின் படாது. குட் ஆஸ் கோல்டு எபிலிட்டி இருப்பதால் டீஃபாக்கும் பலிக்காது. துடைக்கிற இந்த மூன்று வழியும் ஒரே இடத்தில் அடைபடுகிறது.

பயம் கிரேட் டஸ்க்தான். ராபிட் ஸ்பின் பலிக்கவில்லை என்றால் அடுத்த டர்னில் நில வகை அடியால் கோல்டெங்கோவைத் தூக்கிவிடும். அதனால் கோல்டெங்கோவுக்கு ஏர் பலூன் கொடுக்கிறேன். முதல் அடி படும் வரை நிலத் தாக்குதல் அண்டாது. அந்த ஒரு டர்னில் நாஸ்டி ப்ளாட் (பலம் ஏற்றும் மூவ்) போட்டுவிட்டால் கிரேட் டஸ்க் நிற்பதற்கு யோசிக்க வேண்டிவரும். நாக் ஆஃப் அடித்துவிட்டான் என்றால் மட்டும் தாங்காது, அது பேய் வகைக்கு ஆகாத தீய வகை.

கடைசி ஆளாகக் கிங்காம்பிட். விழுந்த ஒவ்வொரு தோழனுக்கும் பத்து சதவீதம் பலம் ஏறும், ஐந்து பேர் வரை. சாமுராட்டும் கிளிமோராவும் சாகத்தான் வருகின்றன, ஆகவே அந்தச் சாவும் வீண் போவதில்லை. கல்லால் தேய்ந்த டீமின் மேல் சக்கர் பஞ்ச் விழுந்தால் ஆட்டம் பெரும்பாலும் அங்கேயே முடியும்.

கல் டீமுக்கு நேர் எதிரி ஹெவி-டியூட்டி பூட்ஸ். 2019-ல் சோர்டு, ஷீல்டில் வந்த ஐட்டம் இது. பிடித்திருப்பவருக்குக் கல்லும் தெரியாது, ஸ்பைக்ஸும் தெரியாது. எதிராளியின் ஆறில் நாலுக்கு பூட்ஸ் இருந்தால் கல் டீம் திணறும், இதை மறைக்க ஒன்றுமில்லை. நாக் ஆஃப் உள்ள ஒன்றையாவது டீமில் வைத்து பூட்ஸைப் பிடுங்கினால்தான் வழி. சாமுராட்டுக்கே அது கிடைக்கும். ஆனாலும் பூட்ஸ் பிடித்தவன் லெஃப்ட்ஓவர்ஸையோ சாய்ஸ் ஸ்கார்ஃபையோ விட்டுக்கொடுத்துத்தான் பிடித்திருக்கிறான். கல் விழுவதற்கு முன்பே அவன் ஒரு விலை கொடுத்தாயிற்று.

டபுள்ஸில் (ஒரு நேரத்தில் இரண்டுக்கு இரண்டு) நான் ஆடியது குறைவு, ஆகவே அதற்குத் தீர்ப்புச் சொல்ல மாட்டேன். அதிகாரபூர்வ டபுள்ஸ் போட்டிகளில் நாலு பேரை மட்டுமே கொண்டுவர முடியும், ஸ்விட்ச் குறைவு, ஆட்டமும் சீக்கிரம் முடியும். கல்லுக்கு வேலை குறைகிறது, 5 டர்ன் மழையே போதுமானதாகிறது. திரை அங்கே அடியைப் பாதியாக்காது, மூன்றில் ஒரு பங்குதான் குறைக்கும். சிங்கிள்ஸ் கணக்கை அப்படியே அங்கே தூக்கிக்கொண்டு போகாதீர்கள்.

சிங்கிள்ஸில் மழைதான் ஆடுவேன் என்று நிற்கிறவர்களுக்கு என் யோசனை: பெலிப்பருக்கு டாம்ப் ராக்கையே கொடுங்கள், பூட்ஸ் வேண்டாம். பதிலாக ராபிட் ஸ்பின் உள்ள ஒன்றுக்கு டீமில் ஓர் இடம் ஒதுக்கி, பெலிப்பர் இரண்டாம் முறை வருவதற்கு முன்பு கல்லைத் துடைத்துவிடுங்கள். எதிராளியிடம் கோல்டெங்கோ இருக்கிறதா என்று டீம் ப்ரிவ்யூவிலேயே பார்த்துக்கொள்ளுங்கள். இருந்தால் மழையை விரயம் செய்யாமல், முதல் எட்டு டர்னுக்குள் அதை வீழ்த்துவதற்கே பாராஸ்கியூடாவை இறக்குங்கள்.