மிதக்கும் வில்லையா, ஸ்கேன் கருவியின் கம்பியா?

இரண்டுமே மீக்கடத்திகள்தான், அதாவது மிகவும் குளிர்வித்தால் மின்தடையே இல்லாமல் மின்னோட்டத்தைக் கடத்தும் பொருட்கள். ஆனால் இட்ரியம்-பேரியம்-காப்பர் ஆக்சைடு வில்லைக்கு மேலே காந்தம் அந்தரத்தில் மிதப்பதைப் பார்த்தால் எவரும் வாய் பிளப்பார்கள். 1987-இல் வந்த இந்தக் கறுப்புப் பீங்கானைக் குளிர்விக்க மைனஸ் 196 டிகிரி திரவ நைட்ரஜனே போதும். ஸ்கேன் கருவியின் கம்பியான நையோபியம்-டைட்டானியம் உலோகக் கலவையை யாரும் வேடிக்கை பார்ப்பதில்லை. அதற்கு மைனஸ் 269 டிகிரி திரவ ஹீலியமும் வேண்டும், அது விலை அதிகம்.

இருந்தும் எம்ஆர்ஐ கருவிகளில் பெரும்பாலும் இருப்பது இரண்டாவதுதான். காரணம் எளிது: அது வளையும். செப்புக்குள் புதைத்து கிலோமீட்டர் கணக்கில் கம்பியாக இழுக்கலாம். ஓரிடம் சூடேறி மீக்கடத்தும் தன்மை போனாலும் மின்னோட்டம் செப்பின் வழியே போய்விடும், கம்பி கருகாது.

பீங்கானை வளைத்தால் விரிசல் விழும். அதன் படிகத் துகள்கள் சில டிகிரி திசை மாறினாலே தாங்கும் மின்னோட்டம் சரிந்துவிடும். ஈரமும் ஆகாது, காந்தத்தை மிதக்கவைத்துக் காட்டியபின் வில்லையை நன்றாக உலர்த்தி, காற்றுப் புகாத டப்பாவில் வையுங்கள்.

காந்தப்புலத்தை அளக்கும் அலகு டெஸ்லா. சுமார் 10 டெஸ்லாவுக்கு மேல் நையோபியம்-டைட்டானியம் திணறும். அங்கே பீங்கானை உலோக நாடாவில் மெல்லிய படலமாகப் படியவைப்பது ஒரு வழி. 2021-இல் அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழகக் குழு அவ்வகை நாடாவால் செய்த காந்தத்தில் 20 டெஸ்லாவை எட்டியது. பீங்கானை வெறும் அதிசயமாக ஒதுக்கியிருந்தால் இது நடந்திருக்காது.