தசைக்கு மேலா, தசைக்குக் கீழா, சொந்தக் கொழுப்பா: மார்பக சர்ஜரிக்குப் பிறகு எது சீக்கிரம் எழுப்பி நடக்க விடும்?

மார்பகத்தைப் பெரிதாக்கும் சர்ஜரிக்குப் போகிறவர்கள் டாக்டரிடம் முதலில் கேட்பது அளவு, அடுத்தது செலவு. பிள்ளையை எப்போது தூக்கலாம், ஸ்கூட்டியை எப்போது எடுக்கலாம், கிரைண்டரைக் கழுவி வைக்கலாமா என்பதெல்லாம் கிளம்புகிற நேரத்தில் கதவருகே நின்று கேட்கிற கேள்வியாகிவிடுகிறது. எனக்கு இது வருத்தமாக இருக்கிறது. கோவை, திருப்பூர், ஈரோடு பக்கம் வேலைக்கும் போய் வீட்டையும் பார்க்கிற ஒரு பெண் ஆறு வாரம் கனம் தூக்காமல் இருப்பது லேசுப்பட்ட காரியமில்லை, எந்த முறை என்பதைப் பொறுத்து அந்த ஆறு வாரம் சமாளிக்கிற மாதிரியும் போகும், பெரும்பாடாகவும் போகும். அதனால் அழகுப் பேச்சைக் கொஞ்சம் தள்ளி வைத்துவிட்டு, வீடு திரும்பிய பிறகு எது உடம்பை என்ன பாடு படுத்தும் என்பதை அருகருகே வைத்துப் பார்க்கிறேன்.

முறைகள் மூன்று. சிலிக்கான் இம்ப்ளான்ட்டை, அதாவது ஜெல் நிரப்பிய பையை, மார்புத் தசைக்கு மேலே, பால் சுரப்பிக்கு அடியில் வைப்பது ஒன்று. அதையே தசைக்குக் கீழே வைப்பது இன்னொன்று, இப்போது பலரும் மேல்பாதி தசைக்கு அடியிலும் கீழ்பாதி சுரப்பிக்கு அடியிலும் வருகிற மாதிரி வைக்கிறார்கள். மூன்றாவது, வயிற்றிலிருந்தோ தொடையிலிருந்தோ நம் கொழுப்பையே உறிஞ்சி எடுத்து மார்பில் ஏற்றுவது.

முதல் வாரம் யாருக்குக் கடினம் என்றால், சந்தேகமே இல்லாமல் தசைக்குக் கீழே வைத்தவர்களுக்குத்தான். இம்ப்ளான்ட்டுக்கு இடம் பண்ண அந்தத் தசையைத் தூக்கி, கீழ்ப்பக்கப் பிடிப்பைக் கொஞ்சம் விடுவிப்பார்கள். கையால் எதையாவது தள்ளும்போதும் அணைத்து இழுக்கும்போதும் வேலை செய்வது அதே தசைதான், அதனால் சும்மா படுத்திருக்கும்போது நெஞ்சில் இறுக்கமாக மட்டும் இருக்கும், கையை அசைத்தால் வலி தெரியும். கட்டிலில் இரண்டு உள்ளங்கையையும் ஊன்றி எழுந்திருப்போமே, அந்த ஒரு அசைவு போதும், கண்ணில் தண்ணீர் வந்துவிடும். தலையணைகளை அடுக்கி, மல்லாக்க, சாய்ந்த வாக்கில் படுத்து, கையை ஊன்றாமல் காலைக் கீழே போட்டு எழுந்திருக்க சர்ஜரிக்கு முன்பே நான்கைந்து நாள் பழகிவிட்டால் பெரிய உதவி. தசைக்கு மேலே வைத்தவர்களுக்கு இந்தத் தொல்லை நிறையவே குறைவு, வீக்கமும் தோல் இழுக்கிற உணர்வும் இருக்கும், ஆனால் வலி மாத்திரையைச் சீக்கிரம் விட்டுவிட முடிகிறது.

கொழுப்பு ஏற்றியவர்களுக்கு மார்பில் வலி குறைவுதான். ஆனால் எடுத்த இடம் சும்மா விடாது. தொடையில் எடுத்திருந்தால் கன்றிப்போய், நீலம் பாரித்து, உட்கார்ந்து எழுவதே கஷ்டம். பழைய வீடுகளில் இன்னமும் குத்த வைக்கிற கழிப்பறைதான் இருக்கிறது, அங்கே போகும்போதுதான் அருமை தெரியும், ஒரு பிளாஸ்டிக் கம்மோடு ஸ்டூலாவது முன்கூட்டி வாங்கி வைத்துவிடுங்கள். போதாதற்கு எடுத்த இடத்தில் இறுக்கமான உறை மாதிரி ஒரு துணியைச் சில வாரம் மாட்டிக்கொண்டே இருக்கச் சொல்வார்கள். சித்திரை வெயிலில் அது என்ன வேதனை என்று சொல்லித் தெரிய வேண்டியதில்லை. மழைக்காலத்தையோ மார்கழியையோ பார்த்துத் தேதி வாங்குங்கள்.

இனி வேலைக்குத் திரும்புவது. சரவணம்பட்டியில் கம்ப்யூட்டர் முன்னால் உட்காருகிறவருக்கு மேலே வைத்தால் ஒரு வாரத்துக்குள்ளும், கீழே வைத்தால் ஒரு வாரம் பத்து நாளிலும் பெரும்பாலும் போய்விட முடியும். திருப்பூர் பனியன் கம்பெனியில் நாள் முழுக்க மெஷினில் கை நீட்டித் தைக்கிறவருக்கோ, சோமனூர், பல்லடம் பக்கம் தறி பார்க்கிறவருக்கோ இந்தக் கணக்கு பொருந்தாது. பொதுவாக நான்கு முதல் ஆறு வாரம் வரை நான்கைந்து கிலோவுக்கு மேல் தூக்கக் கூடாது என்பார்கள், கீழே வைத்தவர்களுக்கு நெஞ்சுக்கான உடற்பயிற்சி அதற்கும் மேலே தள்ளிப்போகும். ஒரு வயசுக் குழந்தையே ஒன்பது பத்து கிலோ இருக்கும். தண்ணீர்க் குடம் நிறைந்தால் பதினைந்து. 25 கிலோ அரிசிச் சிப்பத்தைப் பற்றி யோசிக்கவே வேண்டாம். நடை மட்டும் எல்லோருக்கும் முதல் நாளிலிருந்தே வேண்டும், காலில் ரத்தம் உறையாமல் இருக்க வீட்டுக்குள்ளேயாவது அடிக்கடி நடக்க வேண்டும்.

ஸ்கூட்டியைத் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இங்கே அது இல்லாமல் ஒரு பெண்ணுக்கும் நாள் நகராது. கார் ஓட்ட ஒன்றிரண்டு வாரத்தில் அனுமதி கிடைக்கும், தூக்கம் வரவைக்கிற வலி மாத்திரையை நிறுத்தியிருக்க வேண்டும், திடீரென்று பிரேக் போட்டு ஸ்டியரிங்கைத் திருப்பினால் வலிக்கக் கூடாது. ஸ்கூட்டியில் ஓட்டுவதை விட நிறுத்துவதுதான் வம்பு. சென்டர் ஸ்டாண்ட் போடும்போது வண்டியின் கனம் ஒரு நொடி கைக்கும் நெஞ்சுக்கும் வருகிறது. தசைக்குக் கீழே வைத்தவர்கள் ஒரு மாதத்துக்குக் குறையாமல் அதைத் தொட வேண்டாம் என்பேன், பக்கவாட்டு ஸ்டாண்டோடு நிறுத்திக்கொள்ளுங்கள். டவுன் பஸ்ஸில் மேல்கம்பியைப் பிடித்துக்கொண்டு தொங்குவதும் இதே கதைதான்.

மேலே போடுகிற துணி விஷயத்தில் மூன்று முறைக்கும் பெரிய வித்தியாசமில்லை. தலை வழியாகப் போடுகிற எதுவும் முதல் இரண்டு வாரம் ஆகாது. முன்னால் ஜிப் வைத்த நைட்டிதான் கைகொடுக்கும், முன்கொக்கி ஜாக்கெட்டும் பரவாயில்லை, கை இறுக்கமில்லாமல் இருந்தால். பிராவில்தான் வித்தியாசம். இம்ப்ளான்ட் வைத்தவர்கள் முன்பக்கம் திறக்கிற சர்ஜிக்கல் பிராவை நான்கு முதல் ஆறு வாரம் இரவும் பகலும் போட்டிருக்க வேண்டும், கம்பி வைத்த பிரா அதுவரை கூடாது. கொழுப்பு ஏற்றியவர்கள் விஷயம் நேரெதிர், மார்பை அழுத்துகிற எதையும் போடக் கூடாது, புதுக் கொழுப்புக்கு ரத்த ஓட்டம் பிடிக்க வேண்டும்.

இவ்வளவு சொன்னால், மேலே வைப்பதே மேல் என்று தோன்றும். அப்படி முடித்துவிட முடியாது. ஒல்லியான உடம்பில், மூட நம் சதை போதாத இடத்தில், தசைக்கு மேலே வைத்த இம்ப்ளான்ட்டின் விளிம்பும் சுருக்கமும் வெளியே தெரியும். இம்ப்ளான்ட்டைச் சுற்றி உடம்பு கட்டுகிற உறை இறுகிக் கல் மாதிரி ஆகிற சிக்கலும் மேலே வைத்தால் கொஞ்சம் கூடுதல், பின்னால் மேமோகிராம் என்கிற மார்பக எக்ஸ்ரே எடுக்கும்போதும் கீழே வைத்ததுதான் வசதி. ஆக, ஒரு மாத வலியைத் தாங்கினால் பல வருஷத்துக்கு நிம்மதி என்பது கீழே வைப்பதன் பக்கம் உள்ள நியாயம். ஆனால் அதிலும் ஒன்று இருக்கிறது, கையை இறுக்கி எதையாவது தள்ளும்போது தசையோடு மார்பும் அசைந்து வடிவம் மாறும். தினமும் ஜிம்முக்குப் போகிறவர், கனமான வேலை செய்கிறவர் இதை டாக்டரிடம் கேட்டுத் தெளிந்துகொள்ள வேண்டும். கொழுப்பு முறையில் வெளிப்பொருள் ஏதுமில்லை என்பது பெரிய ஆறுதல், ஆனால் ஏற்றியதில் ஒரு பங்கு கரைந்துவிடும், அளவு ஓரளவுதான் கூடும், இன்னொரு தடவை படுக்க வேண்டியும் வரலாம். அப்போது அந்த முதல் வாரம் திரும்பவும் முதலிலிருந்து.

எங்கே தங்கித் தேறுவது என்பதிலும் இரண்டு வழி. கோவையில் ஆஸ்பத்திரிக்குப் பக்கத்தில் அறை எடுப்பதா, நேரே தாராபுரம் பக்கத்து ஊருக்கு, அம்மா வீட்டுக்குப் போய்விடுவதா? சோறும் கவனிப்பும் அம்மா வீட்டில்தான். ஆனாலும் முதல் இரண்டு நாளாவது டவுனிலேயே இருங்கள். உள்ளே ரத்தம் கட்டுவது பெரும்பாலும் அந்த நேரத்தில்தான் வரும், ஒரு பக்கம் மட்டும் திடீரென்று வீங்கி, இறுகி, வலி ஏறிக்கொண்டே போனால் மணிக்கணக்கில் காத்திருக்கக் கூடாது. அதற்குப் பிறகும் 100.4 டிகிரிக்கு மேல் காய்ச்சல், சிவந்து சூடாவது, தையலில் நீர் வடிவது, கெண்டைக்கால் வீக்கம், மூச்சுத் திணறல், இவற்றில் எது வந்தாலும் உடனே போக வேண்டும்.

இன்னொன்று, பலர் இந்த சர்ஜரியை வீட்டில் சொல்வதே இல்லை. அது அவரவர் விருப்பம், யாருக்கும் விளக்கம் சொல்லத் தேவையில்லை. ஆனால் யாருக்குமே தெரியாமல் வைத்தால் பத்தாம் நாள் மாமியார், "ஏங்கண்ணு, அந்தக் குடத்தை இந்தப் பக்கம் எடுத்து வையி" என்பார், நீங்களும் மறுக்க முடியாமல் எடுத்து வைப்பீர்கள். அக்காவோ, தோழியோ, ஒருவருக்காவது உண்மை தெரிந்து கூடவே இருக்க வேண்டும். மற்றவர்களுக்கு "ஒரு ஆபரேஷன், டாக்டர் தூக்கக் கூடாதுன்னாரு" என்பது போதும், அதில் பொய் ஏதுமில்லை.

கைக்குழந்தை உள்ள, உதவிக்கு ஆளில்லாத பெண் என்னிடம் கேட்டால், தசைக்குக் கீழே வைப்பதை ஒரு வருஷம் தள்ளிப் போடச் சொல்வேன். ஒல்லியாக இருப்பவருக்குக் கீழேதான் சரி என்று டாக்டர் சொல்கிறாரா, அப்படியானால் ஆறு வாரத்துக்கு ஆள் ஏற்பாடு செய்துவிட்டுத் தேதி வாங்குங்கள். மாரியம்மன் நோம்பி, வீட்டுக் கல்யாணம் எல்லாம் முடிந்த பிறகு வைத்துக்கொள்வது உத்தமம். பவானி கூடுதுறையிலோ நீச்சல் குளத்திலோ முங்குவதையும் நான்கு முதல் ஆறு வாரம், காயம் முழுக்க ஆறும் வரை, விட்டுவிட வேண்டும்.

செலவைப் பொறுத்தவரை, அழகுக்காகச் செய்வதற்கு மெடிக்கல் இன்ஷூரன்ஸ் பணம் தராது, முழுக்கக் கைக்காசுதான். இம்ப்ளான்ட் ஆயுசுக்கும் தாங்குகிற பொருளுமில்லை. சிலிக்கான் இம்ப்ளான்ட் உள்ளே கிழிந்தால் வெளியே தெரியாமலே இருக்கும் என்பதால், ஐந்தாறு வருஷம் கழித்து ஒரு ஸ்கேன், பிறகு இரண்டு மூன்று வருஷத்துக்கு ஒருமுறை என்று மருந்து, மருத்துவக் கருவிகளைக் கண்காணிக்கிற அமெரிக்க அரசு அமைப்பான எஃப்டிஏ பரிந்துரைக்கிறது. டிஸ்சார்ஜ் ஆகும்போது கம்பெனி, அளவு, வரிசை எண் போட்ட இம்ப்ளான்ட் அட்டையைக் கேட்டு வாங்கி, ஆதார், ரேஷன் கார்டு இருக்கிற அதே பையில் போட்டு வையுங்கள்.