காசிமேட்டுக் கடையும் எங்கள் ஒற்றை ஆள் நீர்மூழ்கியும்

நானும் மச்சானும் மாதவரத்தில் ஒரு ஷெட்டில் ஒரே ஆள் உட்காரும் நீர்மூழ்கி கட்டிக்கொண்டிருக்கிறோம். சிரிக்க வேண்டாம், வீட்டில் ஏற்கெனவே சிரித்தாகிவிட்டது. பாதுகாப்புச் சாமான்களுக்காக காசிமேடு துறைமுகம் பக்கம் ஒரு படகுச் சாமான் கடைக்கு மூன்று தடவை போய்வந்தோம், அதைப் பற்றித்தான் இது.

ஒலியை அனுப்பி எதிரொலியை வைத்துத் தூரம் அளக்கும் எக்கோ சவுண்டர் கேட்டதும் கடைக்காரர் கேட்ட முதல் கேள்வியே, "தம்பி, இது கீழதான் பாக்கும். உங்களை இடிக்கிறவன் மேல இல்ல வருவான்?" சரியான இடத்தில் கை வைத்தார். மேலே வரும் கடைசி சில மீட்டர்தான் கண்டம். விசைப்படகுக்காரர் கண்ணுக்கு நாம் தெரியமாட்டோம், தண்ணீருக்குள் ஜிபிஎஸ்ஸும் எடுக்காது, இன்ஜின் சத்தம் கேட்டாலும் தண்ணீரில் ஒலி காற்றைவிட நாலு மடங்குக்கு மேல் வேகமாகப் போவதால் எந்தப் பக்கம் என்று காதுக்குப் பிடிபடாது. அந்தக் கருவியில் ஒலியை அனுப்பி வாங்கும் டிரான்ஸ்டியூசரை மேல்நோக்கித் திருப்பி மாட்டச் சொன்னார், மாட்டினோம்.

கூடவே, நாம் இருக்கும் இடத்தை மேலே காட்ட ஆரஞ்சு மிதவையும் கயிறும். ஆனால் அந்தக் கயிறே படகின் ப்ரொப்பெல்லரில் சுற்றினால் நம்மையும் இழுத்துக்கொண்டு போகும், உள்ளிருந்தே கழற்றிவிடும் கொக்கி வேண்டும். அது அவரிடம் இல்லை.

வலை விஷயத்தில் மனிதர் கில்லாடி. வெளியே துருத்தும் போல்ட் ஒவ்வொன்றையும் மூடச் சொன்னார். 2005இல் கம்சட்கா அருகே ரஷ்யாவின் சிறிய நீர்மூழ்கி ஒன்று வலையில் மாட்டி, 7 பேர் ஏறக்குறைய 3 நாள் கிடந்ததையும், பிரிட்டிஷ் ரோபோ வந்து வலையை அறுத்துவிட்டதையும் சொன்னேன். "அப்புறம் என்ன, நான் சொன்னதுதான?" என்றார்.

குறை இல்லாமலா? முதலில் வாங்கிய கேபிள் ஜாயின்ட் பக்கெட் தண்ணீரிலேயே இரண்டு நாளில் ஒழுகியது. பில் இருந்தால்தான் மாற்றுவாராம். பில் தராதவரே அவர்தான்! அரை மணி நேரச் சண்டைக்குப் பிறகு மாற்றினார்.

மோதிய பிறகு பிழைப்பதற்கு இங்கே பெரிதாக ஒன்றும் கிடைக்காது. 10 மீட்டர் ஆழத்தில் 50 செ.மீ. மூடியின் மேல் கிட்டத்தட்ட 2 டன் அழுத்தம், உள்ளே தண்ணீரை விட்டு அழுத்தத்தைச் சமமாக்கினால்தான் திறக்கும், அதுவரை மூச்சுவிட ஒரு சின்ன சிலிண்டர் வேண்டும். மாட்டிக்கொண்டு காத்திருப்பதென்றால் ஆக்சிஜன் தீருவதற்கு முன்பே கார்பன் டை ஆக்சைடு ஆளைக் கொன்றுவிடும். 1973இல் ஜான்சன் சீ லிங்க் என்ற சிறிய நீர்மூழ்கியில் இரண்டு பேர் அப்படித்தான் போனார்கள். அதே வருடம் பைசிஸ் 3 கலத்தில் இரண்டு பேர் அசையாமல் பேசாமல் கிடந்து, 76 மணி நேரம் கழித்து உயிரோடு மேலே வந்தார்கள். கார்பன் டை ஆக்சைடை உறிஞ்சும் சோடா லைம் மயக்க மருந்து மெஷினில் போடுவதுதான், சர்ஜிக்கல் கடையில் கிடைக்கும்.

இப்போதைக்குச் சோதனையெல்லாம் ஆளில்லாமல், மச்சான் ஊர்க் கிணற்றில்தான். கடைக்குக் காலையிலேயே போங்கள், ஐஸ் லாரிக்கு வழிவிட்டு வண்டியை நிறுத்துங்கள், பில்லைக் கேட்டு வாங்குங்கள்.