துணிக் கிண்ணத்தை விறைக்கச் செய்ய: கஞ்சியா, பசையா?

வண்ணம் தீட்டிய பருத்தித் துணியைக் கவிழ்த்த கிண்ணத்தின் மேல் போர்த்தி, விறைக்கச் செய்து அலங்காரக் கலமாக்க விரும்புவோர் முதலில் முடிவு செய்ய வேண்டியது, ஜவ்வரிசிக் கஞ்சியா, ஃபெவிக்கால் போன்ற வெள்ளைப் பசையா என்பதே.

கஞ்சியின் பெருஞ்சிறப்பு, அது திருத்திக்கொள்ள இடம் தருவதாகும். மடிப்பு கோணலாக விழுந்துவிட்டால், துணியை வெந்நீரில் ஊறவைத்து அலசிவிட்டு மறுபடியும் போர்த்தலாம். ஆனால் மழைக்காலத்து ஈரக்காற்றில் அது தளர்ந்து விளிம்பு சாயும். மாவுச்சத்தைத் தேடிக் கரப்பான் வரும். எல்லாவற்றையும்விட வருத்தம் தருவது, கருநீலம், அரக்கு போன்ற அடர்நிறங்களின் மேல் வெண்படலம் படிந்து, பாடுபட்டுத் தீட்டிய ஓவியம் மங்கிப்போவதுதான்.

பசையைச் சம அளவு தண்ணீரில் கரைத்துத் தோய்க்கையில் பால்போல் வெளுத்துத் தெரிந்தாலும், காய்ந்ததும் தெளிந்து நிறத்தைச் சற்று ஆழப்படுத்தியே காட்டும். காய்ந்தபின் வடிவத்தை எளிதில் மாற்ற இயலாது என்பதால், ஈரமாக இருக்கும்போதே ஒவ்வொரு மடிப்பையும் விரலால் நீவிவிட்டு, விளிம்பில் வழிந்து தேங்கும் சொட்டுகளைத் துடைத்துவிட வேண்டும். அச்சுக் கிண்ணத்துக்குப் பாலித்தீன் உறையிடாவிட்டால் துணி அதோடு ஒட்டிக்கொள்ளும்.

எதைத் தேர்ந்தாலும், அக்ரிலிக் வண்ணம் முழுமையாகக் காய்ந்த பிறகே தோய்க்க வேண்டும்.

பள்ளிச் சிறுவர்கள் கைபழகுவதற்குக் கஞ்சி போதும். கூடத்தில் நிலையாக வைக்கும் கலத்துக்குப் பசையையே தயக்கமின்றிப் பரிந்துரைக்கிறேன். அதிலும் உலர்பூக்களை மட்டுமே வைக்கலாம், தண்ணீர் ஊற்றக் கூடாது.