இப்ப என்ன இருக்கு? யாழ்ப்பாணத்தில் மூன்று கிழமை வெளியில் சாப்பிட்ட கதை

யாழ்ப்பாணத்தில் சாப்பாட்டுக் கடைக்குள் போய் உட்கார்ந்ததும் மெனு அட்டையைக் கேட்பது போல வீண் வேலை வேறில்லை. இது எனக்கு விளங்க ஐந்து நாள் பிடித்தது.

கனடாவின் ஸ்காபரோவில் இருந்து ஏழு வருசத்துக்குப் பிறகு இந்த ஜூலையில் ஊருக்குப் போனோம், நானும் 16 வயது மகளும். கொக்குவிலில் சித்தி வீட்டில் தங்கினோம். சித்திக்கு 74 வயது. மூன்று கிழமையும் மூன்று வேளையும் அவரை அடுப்படியில் நிற்க விடக் கூடாது, முடிந்தவரை வெளியில் சாப்பிடுவோம் என்று விமானத்திலேயே முடிவெடுத்துவிட்டேன். சித்தி அதைக் கேட்டு இரண்டு நாள் என்னோடு சரியாகக் கதைக்கவில்லை.

முதல் நாள் இரவு நல்லூர்ப் பக்கம் புதிதாகத் திறந்திருந்த ஒரு கபேக்குப் போனோம். மஞ்சள் பல்ப் சரங்கள், பூச்சுப் பூசாத சுவர், ஒரு மூலையில் பிளாஸ்டிக் புல், அதன் முன்னால் நின்று படம் எடுக்க இடம். மெனு 14 பக்கம். மகள் கேட்ட பாஸ்தா இல்லை. நான் கேட்ட சூப் இல்லை. சான்ட்விச்சில் முதல் இரண்டும் இல்லை. பரிமாற வந்த தம்பி ஒவ்வொரு இல்லைக்கும் தானே ஏதோ களவெடுத்தவன் மாதிரித் தலையைக் குனிந்தான். ஆறாவது இல்லைக்குப் பிறகு அட்டையை மூடி வைத்துவிட்டு, “என்னதான் தம்பி இருக்கு?” என்று கேட்டேன். அப்போதுதான் அவன் முகம் தெளிந்தது. “கொத்து இருக்கு அன்ரி, பிறைட் றைஸ் இருக்கு.”

கொத்து வர 40 நிமிடம். நல்ல கொத்துதான், அதைக் குறை சொல்ல மாட்டேன். மகளின் கப்புசினோவில் மேலே நுரை இருந்தது. கீழே கோப்பி இருந்ததா என்று நாங்கள் இன்றைக்கும் வாதாடுகிறோம். பில்லில் 10 வீதம் சேவைக் கட்டணம். கிரெடிட் கார்டை நீட்டினால் மெசினுக்கு லைன் இல்லை.

காசு மேசையில் இருந்த முதலாளியிடம் நாலு வார்த்தை சொல்லத்தான் எழுந்து போனேன். அவர் முந்திக்கொண்டு, “எங்கை இருந்து வாறியள்?” என்றார். சொன்னேன். “மார்க்கம் றோட்டோ, மக்கோவனோ?” என்றார். தமையன் அங்கேதான் இருக்கிறாராம். அதற்குப் பிறகு எப்படிச் சண்டை பிடிப்பது? குசினியில் ஆள் நிற்குதில்லை என்று அவரே தொடங்கினார். பழக்கி எடுத்தால் ஆறு மாதத்தில் வெளிநாட்டுக்குப் போய்விடுகிறார்களாம். 2022 பொருளாதார நெருக்கடிக்குப் பிறகு மட்டும் மூன்று பேர். கடைசியாகப் போனவன்தான் பாஸ்தா போடுகிறவன். அவன் இப்போது எங்கே என்று கேட்டேன்.

“பிரம்டன்” என்றார். அதுவும் எங்கள் ரொறன்ரோப் பக்கம்தான்.

இரண்டாம் நாளும் நாலாம் நாளும் வேறு இரண்டு இடங்களில் கிட்டத்தட்ட இதே கூத்து. பக்கத்து மேசைகளைப் பார்த்தபோது ஒன்று தெரிந்தது: ஊர்ச் சனம் யாருமே அந்த அட்டையைத் திறப்பதில்லை. கண்ணாடிப் பெட்டியை எட்டிப் பார்க்கிறார்கள், அல்லது வாயால் கேட்கிறார்கள். 14 பக்கமும் அச்சடித்தது எங்களைப் போல வந்து போகிறவர்களுக்காக.

ஐந்தாம் நாள் மத்தியானம் பஸ் நிலையத்துக்குக் கிட்ட, கடைத்தெருவில் இருக்கிற மலாயன் கபேக்குப் போனோம். அந்தப் பெயரைப் பார்க்கிறபோதெல்லாம் எனக்குச் சிரிப்பு வரும். எங்கள் பாட்டன்மார் காலத்தில் மலாயாவுக்கு ரயில்வே வேலைக்கும் கிளாக்கர் வேலைக்கும் போய், பென்சனோடு திரும்பி வந்து கல்வீடு கட்டியவர்கள்தான் இந்த ஊரின் முதல் ‘வெளிநாட்டுக்காரர்’. அவர்களும் வந்திறங்கியதும் ஊர்ச் சாப்பாட்டைப் பற்றி இப்படித்தான் குறைப்பட்டிருப்பார்களோ என்னவோ.

சைவக்கடை. பழைய கல் மேசைகள், கண்ணாடி அலுமாரிகள். உட்கார்ந்த கையோடு இலை வந்தது, இலையில் சோறு வந்தது, சோற்றைச் சுற்றிக் கறிகள் வந்தன. யாரும் எங்களிடம் எதையும் கேட்கவில்லை, கேட்ட ஒரே கேள்வி, “சோறு போடவோ?” மகள் விரலால் சாப்பிட்டுப் பாதியில் பருப்பை முழங்கை வரை கொண்டுபோனாள். முடிந்ததும் இலையை மடித்து அதற்கென்று இருக்கிற துவாரத்துக்குள் தள்ளிவிட வேண்டும். இது அவளுக்குப் பெரிய விளையாட்டாகப் போய்விட்டது, என்னுடைய இலையையும் அவளே வாங்கிக்கொண்டு போய்ப் போட்டாள். உள்ளே போனதில் இருந்து வெளியே வந்தது வரை 25 நிமிடம்.

இங்கே மெனு என்பது சுவரில் தொங்குகிற மணிக்கூடுதான். காலை ஆறரைக்கு இடியப்பமும் சொதியும். ஒன்பதுக்குப் போனால் தோசைதான் மிச்சம். பன்னிரண்டில் இருந்து சோறு, இரண்டரைக்கு “சோறு முடிஞ்சுது.” மூன்றரைக்கு வடைச் சட்டி அடுப்பில் ஏறும். பொழுதுபட்டால் பிட்டு, திரும்பவும் இடியப்பம். ஏழுக்குப் பிறகு கொத்துத் தகட்டின் சத்தம். ஒன்பதுக்கு ஊர் அடங்கிவிடும். நாலு மணிக்கு வந்து சோறு கேட்கிறவர் யார் என்று கடைக்காரருக்குப் பார்த்தவுடனேயே தெரியும். ஆறாம் நாளில் இருந்து எந்தக் கடைக்குப் போனாலும் நான் கேட்டது ஒன்றே ஒன்று: “இப்ப என்ன இருக்கு?” அதற்குப் பிறகு ஒரு சாப்பாடு கூடப் பிழையாகப் போகவில்லை.

எனக்கு இந்தப் பயணத்தில் மிகப் பிடித்த இடம் சித்தி வீட்டில் இருந்து நடந்து போகிற தூரத்தில் உள்ள ஒரு வடைக்கடை. பெயர்ப் பலகை கூட இல்லை. மூன்றே முக்காலுக்குப் போனால் முதல் ஈடு. வடை போடுகிற ஐயா வாழையிலைத் துண்டைத் தண்ணீரில் நனைத்து, உழுந்து மாவை அதில் தட்டி, நடுவிரலால் ஓட்டை போட்டு எண்ணெய்க்குள் வழுக்கி விடுவார். சட்டி சடசடவென்று கத்தும். அவர் சட்டியைப் பார்க்கவே மாட்டார். றோட்டைப் பார்த்தபடி, போகிறவர் வருகிறவரோடு கதைத்துக்கொண்டிருப்பார். கத்துகிற சத்தம் ஒரு கட்டத்தில் தணிந்து முணுமுணுப்பாக மாறும். அந்த இடத்தில் கதையை நிறுத்தி, கம்பியால் ஒன்றொன்றாகக் கோர்த்துத் தூக்குவார். நிறம் பார்த்து எடுப்பதில்லையா என்று கேட்டேன். “ஈரம் போனால் எண்ணெய் சத்தம் போடாது பிள்ளை” என்றார். கடலை வடையில் செத்தல் மிளகாயும் பெருஞ்சீரகமும் பல்லில் அகப்படும். ஒரு வடை 60 ரூபாய். ஒரு கனடா டொலருக்கு 200 ரூபாய்க்கு மேல் வருகிற காலத்தில் அந்தக் கணக்கைப் போடவே வெட்கமாக இருக்கிறது.

பெட்டியில் கொண்டுவர வேண்டும் என்றால் அது வேறு வடை: பருத்தித்துறைத் தட்டை வடை. மெல்லியது, மொறுமொறுப்பானது, கிழமைக்கணக்கில் கெடாது. நாங்கள் நாலு கிலோ கொண்டுவந்தோம். இரண்டு கிலோ தூளாக வந்தது.

வெள்ளிக்கிழமையைப் பற்றி மகளுக்கு நான் சொல்லி வைக்கவில்லை, என் பிழை. ஆட்டிறைச்சி றோல்ஸ் வேண்டும் என்று ஒரு வெதுப்பகத்துக்குள் நுழைந்தாள். (பேக்கரிக்கு வெதுப்பகம், ஐஸ்கிரீமுக்குக் குளிர்களி என்று பலகையில் எழுதுகிற பழக்கம் இங்கே இன்னும் இருக்கிறது. ரொறன்ரோவில் தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் படித்த பிள்ளை இவற்றை எழுத்துக் கூட்டி வாசித்துவிட்டு என்னிடம் அர்த்தம் கேட்டது.) கண்ணாடிப் பெட்டிக்குப் பின்னால் நின்ற பெடியன், “இண்டைக்கு வெள்ளிக்கிழமையெல்லோ, மரக்கறி றோல்தான்” என்றான். அன்று சைவக்கடைகளில் இடம் பிடிப்பது கல்யாண வீட்டில் முதல் பந்திக்கு அடிபடுவது போல. நல்லூர்த் திருவிழாவின் 25 நாளும் கிட்டத்தட்ட இதே நிலைதான். அந்தக் காலத்தில் வருகிறவர்கள் மீன், இறைச்சி ஆசையை வேறு மாதத்துக்கு வைத்துக்கொள்வது நல்லது.

திருநெல்வேலியில் அம்மாச்சி உணவகத்துக்கு நாலு முறை போனோம். விவசாயத் திணைக்களத்தின் திட்டம். தெற்கில் ‘ஹெல பொஜுன்’ என்ற பெயரில் நடப்பதுதான் இங்கே அம்மாச்சி. தொடங்கிய காலத்தில் அந்தப் பெயருக்காகவே ஒரு இழுபறி நடந்தது. சமைப்பது முழுக்கப் பெண்கள். உங்கள் கண்ணுக்கு முன்னாலேயே சுடுகிறார்கள், அவிக்கிறார்கள். வரிசையில் நின்று, காசு கொடுத்து, தட்டை நீங்களே தூக்கிக்கொண்டு போக வேண்டும். பரிமாற ஆள் இல்லை என்பதால் யார் முகத்தையும் பார்த்துக் காத்திருக்க வேண்டியதும் இல்லை. குரக்கன் பிட்டு வாங்கினேன். “சீனி போடவோ, சம்பல் போடவோ?” என்று அந்த அக்கா கேட்டார். இரண்டும் என்றேன். ஒரு கணம் என்னைப் பார்த்துவிட்டு, “உங்கடை வயிறு” என்று போட்டுத் தந்தார். சேவை என்றால் எனக்கு இது போதும்.

தேத்தண்ணியைப் பற்றி ஒரு வார்த்தை. குடாநாடு சுண்ணாம்புக் கல்லின் மேல் இருக்கிறது, வருசம் முழுக்க ஓடுகிற ஆறு கிடையாது, பெரும்பாலும் கிணற்றுத் தண்ணீர்தான். அதனால் பிளேன்ரீயின் மேல் மெல்லிய ஏடு படியும். பேணி கழுவவில்லை என்று மகள் முதல் நாள் திருப்பிக் கொடுக்கப் பார்த்தாள். பனங்கட்டியைக் கடித்துக்கொண்டு குடித்தால் ஏடாவது ஒன்றாவது. பால் தேத்தண்ணி என்றால் பெரும்பாலான கடைகளில் பால்மாதான். 2022இல் பால்மா கிடைக்காமல் பல கடைகள் பிளேன்ரீயோடு நின்றுவிட்டன என்று சித்தி சொன்னார்.

றியோ என்ற கடையில் ஐஸ்கிரீம் சாப்பிட்டோம். ஜெலியும் வேபரும் கலர் கலராக, நான் சின்னப்பிள்ளையாக ஆசைப்பட்டபடியே. கார்கில்ஸ் சதுக்கத்தில் இருக்கிற கேஎப்சிக்கு மகள் ஒருநாள் போனாள். நான் வெளியில் நின்றேன்.

இனி, மனதில் இருக்கிற குறைகள். கை கழுவுகிற இடத்தில் தண்ணீர் வரும், சவர்க்காரம் இருக்காது. இருந்தால் துடைக்க ஒன்றும் இருக்காது. நான் போன பத்துப் பன்னிரண்டு கடைகளில் கழிப்பறையை மகளுக்குத் துணிந்து காட்டக் கூடியவை மூன்று. இன்னொன்று, தேத்தண்ணி கேட்டால் தட்டு நிறைய வடையும் றோல்ஸும் கொண்டுவந்து மேசையில் வைத்துவிடுகிறார்கள். நாங்கள் எடுத்ததை எண்ணிக் காசு எடுத்துக்கொண்டு, மிச்சத்தை அடுத்த மேசைக்குக் கொண்டுபோகிறார்கள். ஒரு கடையில் எங்களுக்கு வந்த றோல்ஸில் யாரோ அமுக்கிப் பார்த்த விரல் அடையாளம் இருந்தது. சூடு இருக்கிறதா என்று பார்த்திருப்பார் போல. அதற்குப் பிறகு நான் தட்டைத் திருப்பி அனுப்பி, “பெட்டியிலை இருந்து இரண்டு எடுத்துத் தாங்கோ தம்பி” என்று கேட்கப் பழகினேன். யாரும் கோபிக்கவில்லை. பொதுச் சுகாதாரப் பரிசோதகர்கள் கடைகளை நீதிமன்றத்துக்கு இழுக்கிற செய்திகள் பேப்பரில் அடிக்கடி வருகின்றன. நான் வெளியில் போகச் செருப்பை மாட்டுகிற நேரம் பார்த்துத்தான் சித்தி அவற்றைச் சத்தமாக வாசிப்பார்.

காசு விசயம் கொஞ்சம் கவனம். பெரிய இடங்களில் விலைக்கு மேலே 10 வீதம் சேவைக் கட்டணம் போடுவார்கள். 2024 ஜனவரியில் இருந்து வற் வரி 18 வீதம், அது விலைக்குள் அடங்குமா வெளியிலா என்று முதலே கேட்டுவிடுங்கள். சின்னக் கடைகளில் பில்லும் இல்லை, வரியும் இல்லை. தம்பி வாயால் கூட்டிச் சொல்வான், சரியாகத்தான் இருக்கும். 5,000 ரூபாய்த் தாளை வடைக்கடையில் நீட்டாதீர்கள். நான் நீட்டினேன். ஐயா, “நாளைக்குத் தாங்கோ” என்று சொல்லிவிட்டார், நான் யார் என்று கூடத் தெரியாமல்.

ஒடியல் கூழ் (காய்ந்த பனங்கிழங்கு மாவில் காய்ச்சுகிற மீன் கூழ்) மட்டும் கிடைக்கவில்லை. இரண்டு இடத்தில் கேட்டேன். ஒன்றில் ஞாயிற்றுக்கிழமை வரச் சொன்னார்கள், போனால் முடிந்துவிட்டது. மற்றதில் முதல் நாளே பத்துப் பேருக்குச் சொல்லிவைக்க வேண்டுமாம். நாங்கள் இரண்டு பேர்.

இதை வீட்டில் வந்து சொன்னதுதான் தாமதம், மூன்று கிழமையாக அடக்கி வைத்திருந்ததெல்லாம் சித்தியிடம் இருந்து வந்தது. “கூழைக் கடையிலை போய்க் கேட்டனியோ? ஆரும் கேட்டால் என்னை என்ன சொல்லுவினம்?” அடுத்த நாள் விடிய ஓட்டோ பிடித்து, என்னையும் ஏற்றிக்கொண்டு குருநகருக்குப் போய் நண்டும் இறாலும் மீன் தலையும் வாங்கினார். பலாக்கொட்டை, பயிற்றங்காய், மரவள்ளி, புளி, அரைத்த செத்தல். ஒடியல் மாவைக் கரைத்து ஊற்றிக் கிளறுகிற வேலையை என்னிடம் தந்தார். கை ஓயக் கூடாது, ஓய்ந்தால் கட்டிபடும். பக்கத்து வீட்டில் மூன்று பேர், பின் வளவில் இருந்து இரண்டு பேர், ஓட்டோக்காரத் தம்பி என்று ஆள் சேர்ந்துவிட்டது.

பனையோலையைக் கிண்ணம் போல மடித்து, பிளா கோலித்தான் கூழ் குடிக்க வேண்டும் என்று நான் வழியெல்லாம் மகளுக்குச் சொல்லிக்கொண்டு வந்திருந்தேன். வளவில் நாலு பனை நிற்கிறது. ஏறி ஓலை வெட்ட ஆள் இல்லை. சித்தி சில்வர் பேணியில்தான் ஊற்றித் தந்தார்.