வில்லன் இல்லாத சண்டை: ஸ்குவாட்ரன் சுப்ரீமோடு பல வருடங்கள்

ஒரே அணியில் இருக்கும் சூப்பர் ஹீரோக்கள் தங்களுக்குள் அடித்துக்கொள்வது காமிக்ஸில் ஆரம்பத்திலிருந்தே இருக்கிறது. அவெஞ்சர்ஸ் 1963-ல் தொடங்கியது. இரண்டாவது இதழ் முடிவதற்குள் ஹல்க் முறைத்துக்கொண்டு கிளம்பிவிட்டார். ஃபென்டாஸ்டிக் ஃபோரில் திங்கும் ஹ்யூமன் டார்ச்சும் சண்டை போடாத இதழைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். அதெல்லாம் வீட்டுச் சண்டை, அடுத்த இதழில் சரியாகிவிடும். நிஜமாகவே அணி உடைகிற கதைகள் குறைவு. அவற்றில் நான் திரும்பத் திரும்ப எடுத்துப் படிப்பது, மார்வெல் 1985 முதல் 1986 வரை 12 இதழ்களாக வெளியிட்ட ஸ்குவாட்ரன் சுப்ரீம். எழுதியவர் மார்க் க்ரூன்வால்ட். என்னிடம் இருப்பது 12 இதழ்களையும் சேர்த்துத் தொகுத்த பேப்பர்பேக். பல வருடங்கள் பழகிய புத்தகம் என்பதால், முதல் வாசிப்பில் தெரியாமல் பின்னால் தெரிந்தவற்றையும் சேர்த்தே சொல்கிறேன்.

அணி எப்படிப்பட்டது என்பதைச் சொல்லிவிடலாம். பார்த்த உடனே புரியும், இது போட்டி நிறுவனமான டிசியின் ஜஸ்டிஸ் லீக் அணியின் சாயல் என்று. ஹைபீரியன் சூப்பர்மேன் மாதிரி, நைட்ஹாக் பேட்மேன் மாதிரி, பவர் பிரின்சஸ் வொண்டர் வுமன் மாதிரி, விஸ்ஸர் ஃப்ளாஷ் மாதிரி, டாக்டர் ஸ்பெக்ட்ரம் கிரீன் லேன்டர்ன் மாதிரி. ராய் தாமஸும் ஜான் பஸ்ஸெமாவும் 1971-ல் அவெஞ்சர்ஸ் 85-ம் இதழில் இவர்களை அறிமுகப்படுத்தினார்கள். இவர்கள் இருப்பது வேறொரு பூமியில். க்ரூன்வால்டுக்கு இது பெரிய வசதியாக அமைந்தது. மார்வெலின் முக்கிய உலகத்தில் ஒரு ஹீரோ அமெரிக்காவையே கையில் எடுத்தால் அடுத்த மாதம் மற்ற பத்திரிகைகள் எல்லாம் குழம்பிவிடும். இங்கே யாரையும் கொல்லலாம், எதையும் உடைக்கலாம், உடைந்தது உடைந்ததாகவே இருக்கும்.

கதை தொடங்கும்போது அமெரிக்கா நாசமாகிக் கிடக்கிறது. ஓவர்மைண்ட் என்ற அன்னிய சக்தி ஹீரோக்களின் மனத்தைப் பிடித்து, அவர்களைக் கொண்டே உலகை ஆட்டிப்படைத்திருக்கிறது. இப்போது மனம் திரும்பி வந்துவிட்டது. நடந்ததற்குப் பொறுப்பேற்க நினைக்கிறார்கள். ஒரே வருடத்தில் போர், குற்றம், பசி, வறுமை, நோய் எல்லாவற்றையும் ஒழிப்போம் என்று உறுதி எடுக்கிறார்கள். அதற்கு நாட்டின் நிர்வாகமே அவர்கள் கையில் வேண்டும். நைட்ஹாக் ஒருவர் மட்டும் இதை ஏற்க முடியாமல் அணியை விட்டு வெளியேறுகிறார். அவர் இன்னொரு வகையிலும் முக்கியமானவர்: முகமூடிக்குப் பின்னால் இருக்கும் கைல் ரிச்மண்ட், ஓவர்மைண்ட் ஆட்டிவைத்த காலத்தில் அமெரிக்க ஜனாதிபதியாக இருந்தவர். அந்தப் பதவியையும் விடுகிறார்.

முதல் இதழின் கடைசிப் பக்கங்கள் இன்றும் எனக்கு இந்தப் புத்தகத்தின் உச்சம். ஹீரோக்கள் பத்திரிகையாளர்கள் முன்னால் முகமூடியைக் கழற்றித் தங்கள் திட்டத்தை அறிவிக்கிறார்கள். கூட்டத்தில் நைட்ஹாக்கும் இருக்கிறார், கையில் துப்பாக்கியோடு. அதில் ஆர்கோனைட் தோட்டா. ஹைபீரியனைக் கொல்லக்கூடிய கதிரியக்கக் கனிமம் அது. சுட்டால் திட்டம் அங்கேயே முடிந்துவிடும். நண்பனைச் சுட மனம் வரவில்லை. முதல் முறை படித்தபோது, நல்லவர், அதனால் சுடவில்லை என்று எடுத்துக்கொண்டு அடுத்த இதழுக்குப் போய்விட்டேன். முழுக்கதையும் தெரிந்த பிறகு அந்தக் காட்சி வேறு மாதிரி கனக்கிறது. அன்று சுடாததால் பின்னால் எத்தனை பேர் சாகிறார்கள் என்பது இப்போது தெரியும். ஆனாலும் சுட்டிருக்க வேண்டும் என்று என்னால் ஒரு வாசிப்பிலும் சொல்ல முடிந்ததில்லை.

இதே வகையில் பெரிதாகப் பேசப்படும் இரண்டு கதைகளை இதன் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். ஒன்று, க்ரிஸ் க்ளேர்மாண்டும் ஜான் பைர்னும் 1980-ல் செய்த டார்க் ஃபீனிக்ஸ் கதை. எக்ஸ்-மென் அணியின் ஜீன் கிரே பேராற்றலின் பிடியில் தோழர்களையே தாக்குகிறாள், ஒரு நட்சத்திரத்தை விழுங்கி 500 கோடி உயிர்களை அழிக்கிறாள். இன்னொன்று, மார்வ் வுல்ஃப்மனும் ஜார்ஜ் பெரெஸும் டீன் டைட்டன்ஸில் 1984-ல் முடித்த ஜூடாஸ் கான்ட்ராக்ட். அதில் அணிக்குள் சேர்ந்த டெரா என்ற சிறுமி, தொடக்கத்திலிருந்தே எதிரியின் ஆள். இரண்டும் அருமையான கதைகள், சந்தேகமே இல்லை. டெரா கதையில், அவள் துரோகி என்பதை டைட்டன்ஸுக்குத் தெரிவதற்குப் பல மாதங்கள் முன்பே வாசகனுக்குச் சொல்லிவிட்டுக் காக்க வைத்த துணிச்சலை நான் இன்றும் வியக்கிறேன். ஆனால் ஒன்றில் ஆட்டிவைக்கும் சக்தி ஒன்று இருக்கிறது, மற்றதில் உளவாளி இருக்கிறாள். பழியைப் போட ஓர் இடம் கிடைத்துவிடுகிறது. ஸ்குவாட்ரன் சுப்ரீமில் அது கிடைக்காது. ஹைபீரியனுக்கும் நைட்ஹாக்குக்கும் நடுவில் யாரும் புகுந்து கெடுக்கவில்லை. இருவரும் சுயபுத்தியோடு, மக்கள் நன்றாக இருக்க வேண்டும் என்ற ஒரே ஆசையோடு, எதிரெதிராக நிற்கிறார்கள். மறுவாசிப்பில் இந்தக் கதை நீர்த்துப்போகாததற்கு இதுதான் காரணம் என்று நினைக்கிறேன். திருப்பம் ஒருமுறை தெரிந்துவிட்டால் தெரிந்ததுதான். நியாயம் யார் பக்கம் என்ற கேள்வி ஒவ்வொரு முறையும் புதிதாக வந்து நிற்கிறது.

நடுப்பகுதியின் மையம், அணியின் விஞ்ஞானி டாம் தம்ப் உருவாக்கும் நடத்தை மாற்றும் எந்திரம். குற்றவாளியை அதில் உட்கார வைத்தால் குற்றம் செய்யும் எண்ணமே போய்விடும். சிறைகளைக் காலி செய்துவிடலாம். ஓவர்மைண்ட் தங்கள் மனத்தைப் பிடித்து ஆட்டியதைப் பொறுக்க முடியாத அதே ஆட்கள், அடுத்தவர் மனத்தைத் திருத்துவதற்கு வாக்கெடுப்பு நடத்துகிறார்கள். க்ரூன்வால்ட் இந்த முரணைப் பெரிய எழுத்தில் எங்கும் சொல்லவில்லை. எனக்கும் இது தாமதமாகத்தான் உறைத்தது.

எந்திரம் என்ன செய்யும் என்பதற்கு நான்காவது இதழில் வரும் சம்பவம் ஒன்று போதும். அணியில் இருக்கும் கோல்டன் ஆர்ச்சர், சக உறுப்பினரான லேடி லார்க்கிடம் தன்னை மணக்கச் சொல்லிக் கேட்கிறார், அவள் மறுக்கிறாள். யாருக்கும் தெரியாமல் அவளை எந்திரத்தில் வைத்துத் தன்னைக் காதலிக்கும்படி மாற்றிவிடுகிறார். அதன் பிறகு அவள் காட்டும் அன்பு இருக்கிறதே, அதைப் படிப்பது கொடுமை. எந்நேரமும் அவரையே சுற்றிச் சுற்றி வருகிறாள். கேட்டது கிடைத்தும் அவரால் அதை ஏற்க முடியவில்லை. விஷயம் வெளியே வந்ததும் அணி கூடி அவரை நீக்குகிறது. சரி, நியாயம்தான். ஆனால் சண்டையில் தோற்ற வில்லன்களை அதே எந்திரத்தில் வைத்துத் திருத்தி, அணியிலேயே உறுப்பினர்களாகச் சேர்த்துக்கொள்ளவும் செய்கிறது. ஆர்ச்சருக்கு ஒரு நியாயம், தங்களுக்கு ஒரு நியாயம். அவர்களில் பலருக்கு அது தோன்றவே இல்லை.

தோழன் கையால் தோழன் சாகும் முதல் சம்பவம் அதற்கும் முன்பே வந்துவிடுகிறது. நியூக் என்ற இளைஞன், தன் உடலின் கதிரியக்கத்தால்தான் அப்பா அம்மாவுக்குப் புற்றுநோய் வந்தது என்று தெரிந்து நிலைகுலைகிறான். வெறிபிடித்துச் சண்டைக்கு வருபவனை டாக்டர் ஸ்பெக்ட்ரம் ஆற்றல் குமிழுக்குள் அடைக்கிறார், யாருக்கும் காயம் படாமல் இருக்கட்டும் என்று. உள்ளே காற்று தீர்ந்து நியூக் இறந்துவிடுகிறான். வெறுப்பில் நடந்த கொலை கிடையாது. ஸ்பெக்ட்ரம் அதற்குப் பிறகு பழைய ஆளாக ஆகவே இல்லை.

நைட்ஹாக்கைப் பற்றி என் பார்வை ஒவ்வொரு வாசிப்பிலும் நகர்ந்துகொண்டே இருக்கிறது. முதலில் அவர்தான் ஹீரோ, கேள்வியே இல்லை. வாசிக்க வாசிக்க அவர் எடுக்கும் வழிகள் உறுத்துகின்றன. கேப்டன் அமெரிக்கா 314-ம் இதழில் அவர் வேறு பூமிக்குப் போய் அவெஞ்சர்ஸிடம் உதவி கேட்கிறார், கிடைக்கவில்லை. அந்த இதழைத் தொகுப்போடு சேர்த்தே படிக்க வேண்டும். அதற்குப் பின் அவர் கூட்டுச் சேர்வது பழைய எதிரியான மாஸ்டர் மெனஸோடு. ரிடீமர்ஸ் என்று தனி அணி திரட்டி, ஆட்களை ஸ்குவாட்ரனுக்குள்ளேயே உறுப்பினர்களாக நுழைக்கிறார். மாற்றப்பட்ட வில்லன்களைப் பிடித்து மாற்றத்தை நீக்குகிறார். அவர்களிடமும் யாரும் சம்மதம் கேட்கவில்லை. ஒரு காலத்தில் இதையெல்லாம் கதை ஓட்டத்தில் கடந்துபோனேன். இப்போது ஒவ்வொன்றிலும் நின்று யோசிக்கிறேன்.

ஏப்-எக்ஸ் நிலைதான் எனக்கு இதில் மிகவும் பிடித்த நுணுக்கம். முன்பு வில்லனாக இருந்து எந்திரத்தால் மாற்றப்பட்டு அணிக்கு வந்த மனிதக்குரங்கு. புதிதாகச் சேர்ந்த மூன்குளோ உளவாளி என்பதை அவள்தான் கண்டுபிடிக்கிறாள். சொல்லாவிட்டால் அணிக்குத் துரோகம், சொன்னால் ஓர் உறுப்பினருக்குத் துரோகம். இரண்டையும் செய்யக்கூடாது என்று அவள் மூளையில் எழுதியாகிவிட்டது. வழி தெரியாமல் நினைவு தப்பி விழுகிறாள். மூன்குளோ மாட்டிக்கொள்ளாமல் தப்புவதும் இதனால்தான். அணி விசுவாசத்தைக் கட்டளையாக்கினால் என்ன ஆகும் என்பதை வசனமே இல்லாமல் காட்டிய இடம் இது.

கடைசி இதழ் முழுக்கச் சண்டை. இரு பக்கமும் செத்துக்கொண்டே இருக்கிறார்கள். டாக்டர் ஸ்பெக்ட்ரம் மேல் காதலோடு இருக்கும் ஃபாக்ஸ்ஃபயர், நைட்ஹாக்கின் இதயத்தைச் செயலிழக்கச் செய்கிறாள்; அவளை நைட்ஹாக்கின் பக்கம் நிற்கும் மிங்க் கொல்கிறாள். ஹைபீரியன் ஒரு கட்டத்தில் சண்டையை நிறுத்துகிறார். நாங்கள் கட்டிய இந்த அமைப்பு நாளை தவறான கைக்குப் போனால் என்ன ஆகும் என்ற நைட்ஹாக்கின் கேள்விக்குத் தன்னிடம் பதில் இல்லை என்று ஒப்புக்கொள்கிறார். அதைக் கேட்க நண்பன் உயிரோடு இல்லை. இந்த மனமாற்றம் சில பக்கங்களுக்குள் அவசரமாக நடந்துவிடுகிறது என்பது என் நிரந்தரக் குறை. 11 இதழ்கள் பொறுமையாகக் கட்டிய விவாதத்துக்கு இன்னும் ஓர் இதழாவது கொடுத்திருக்க வேண்டும்.

மற்ற குறைகளையும் சொல்ல வேண்டும். எழுத்து அதிகம். பாத்திரங்கள் தாங்கள் செய்வதைத் தாங்களே வாயால் விளக்கிக்கொண்டே செய்வார்கள். அந்தக் காலத்து மார்வெல் பாணி அது. ஓவியம் சீராக இல்லை. பாப் ஹால் தொடங்கி, நடுவில் ஓர் இதழை ஜான் பஸ்ஸெமா வரைந்து, பின்பகுதியைப் பால் ரயன் முடித்திருக்கிறார். பஸ்ஸெமாவின் இதழ் வந்ததும் உடல்களுக்குத் திடீரென்று எடை கூடுகிறது. ரயன் சுத்தமாக வரைகிறார், கூட்டச் சண்டையில் யார் எங்கே இருக்கிறார்கள் என்று குழப்பமில்லை. உடைகளும் தலைமுடியும் அப்பட்டமான எண்பதுகள். பெண் பாத்திரங்களில் பவர் பிரின்சஸைத் தவிர மற்றவர்களுக்கு முடிவெடுக்கும் இடம் குறைவு, காதல் விவகாரங்களே அதிகம். இது வருடம் போகப் போக அதிகமாகக் கண்ணில் படுகிறது.

டேப்லெட்டிலும் படித்துப் பார்த்தேன். கட்டம் கட்டமாகப் பெரிதாக்கிக் காட்டும் முறை இந்தப் புத்தகத்துக்கு ஒத்துவரவில்லை. ஒரு பக்கத்தில் ஏழெட்டுப் பேர் வாக்களிக்கும்போது அத்தனை முகங்களையும் சேர்த்துப் பார்க்க வேண்டும், யார் யாரைப் பார்க்காமல் தலை திருப்புகிறார்கள் என்பதும் கதைதான். கண்ணுக்கு எழுத்து பெரிதாகத் தெரிவது மட்டுமே லாபம். அச்சுப் பிரதி கிடைத்தால் அதையே வாங்குங்கள். ஒரே மூச்சில் முடிக்காதீர்கள், வாரத்துக்கு ஒன்றிரண்டு இதழ் போதும். மாதம் ஒன்றாக வெளிவந்த கதை இது, ஒவ்வொரு இதழிலும் இவர்கள் உலகத்தில் ஒரு மாதம் போகிறது. இடைவெளி விட்டுப் படிக்கும்போது அவர்கள் மெல்ல மெல்ல மாறுவது நன்றாகத் தெரியும்.

1989-ல் வந்த தொடர்ச்சியான கிராஃபிக் நாவலையும் படித்தேன். ரயனின் படங்களுக்காகப் பார்க்கலாம், இதன் பாரம் அதில் இல்லை. அடிதடி மட்டும் வேண்டுபவர்களுக்கு மூலக்கதையே பாதி வரை சலிப்பாகத்தான் இருக்கும். அவர்கள் டார்க் ஃபீனிக்ஸில் தொடங்குவது நல்லது. நண்பர்கள் கொள்கைக்காகப் பிரிவதை நேரில் பார்த்தவர்கள் இதையே முதலில் எடுக்கலாம்.

க்ரூன்வால்ட் 1996-ல், 43 வயதில் இறந்துபோனார். அவர் விருப்பப்படி அவருடைய அஸ்தியை மையில் கலந்து, மறு வருடம் வந்த இந்தத் தொகுப்பின் முதல் அச்சை அடித்தார்கள். பத்து வருடம் தொடர்ந்து கேப்டன் அமெரிக்கா எழுதியவர் அவர், அதை விட்டு இந்தப் புத்தகத்துக்குத்தான் அந்த மை போனது. என்னிடம் இருப்பது பிந்தைய அச்சு. முதல் அச்சுப் பிரதி ஒன்றைத் தேடிக்கொண்டிருக்கிறேன். யாரிடமாவது நல்ல நிலையில் இருந்து, விற்கும் எண்ணமும் இருந்தால் சொல்லுங்கள்.