வடசென்னை மணலியின் தொழிற்சாலைகளுக்கு எந்தத் தண்ணீர்: கடல்நீரா, கழிவுநீரா?

காட்டுப்பள்ளியில் 2010 முதல் கடல்நீரை நன்னீராக்கும் நிலையம், கொள்ளளவு நாளுக்கு 10 கோடி லிட்டர். கொடுங்கையூரில் 2019 முதல் கழிவுநீர் மறுசுழற்சி, 4.5 கோடி லிட்டர்.

கடல்நீரில் லிட்டருக்குச் சுமார் 35 கிராம் உப்பு. உப்பைத் தடுத்து நீரை மட்டும் விடும் மெல்லிய சவ்வின் வழியே அதைத் தள்ள 55–70 பார் அழுத்தம், ஆயிரம் லிட்டருக்கு 3–4 யூனிட் மின்சாரம் வேண்டும். எடுத்த நீரில் பாதிக்கு மேல் அடர் உப்புநீராகக் கடலுக்கே போகும்.

கழிவுநீரில் உப்பு மிகக் குறைவு, மின்செலவும் அப்படியே. சுமார் முக்கால் பங்கு நல்ல நீராகத் தேறும். தொல்லை வேறு: கரிமப் பொருளும் நுண்ணுயிரும் சவ்வில் வழவழப்பான படலமாகப் படியும். சவ்வுக்கு முன் நுண்துகள்களை வடிகட்டும் அல்ட்ராஃபில்ட்ரேஷன் சரியில்லையென்றால், நீர் நுழையும் முனைக்கும் வெளியேறும் முனைக்கும் இடையிலான அழுத்த வேறுபாடு ஏறும். 15 சதவீதம் ஏறியதும் சவ்வைக் கழுவிவிட வேண்டும், முதலில் காரம், பிறகுதான் அமிலம். மாற்றிச் செய்தால் கரிமப் படிவு இறுகிவிடும்.

2003-லேயே நியூவாட்டர் என்ற கழிவுநீர் மறுசுழற்சித் திட்டத்தைத் தொடங்கிய சிங்கப்பூரிடம் கேட்க நிறைய உண்டு. தொழிற்சாலைக்குச் சுத்திகரித்த கழிவுநீர், குடிக்க நன்னீராக்கிய கடல்நீர் என்பதே எங்கள் கருத்து.